கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குங்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்து, இன்று மொறட்டுவையிலோ பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்துக்கொண்டு, இறுதியாண்டு ஆய்வுக்கு உயிர் எரிபொருளைத் தலைப்பாக எடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உயர்தரத்தில் இரசாயனவியல் படிப்பித்தவன் என்ற உரிமையில் உங்களில் சிலர் ஆய்வு முன்மொழிவுகளை எனக்கு அனுப்பி, ஆங்கிலத்தைத் திருத்தித் தரச் சொல்கிறீர்கள். திருத்தித் தருகிறேன். ஆனால் ஆங்கிலத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று கொஞ்சக் காலமாகவே மனதை அரிக்கிறது. ஒருவருக்குச் சொன்னால் அவரைக் குறை பிடித்தது போலாகிவிடும். அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

உங்கள் எல்லோருடைய முதற்பத்தியும் ஒன்றுதான். இலங்கையில் பெற்றோலிய உற்பத்தி இல்லை. எரிபொருளுக்கு அந்நியச் செலாவணி கரைகிறது. 2022இல் நாடே வரிசையில் நின்றது. ஆகவே உயிர் எரிபொருள் அவசியம். கடைசிப் பத்தியும் ஒன்றுதான். குறித்த எண்ணெயிலிருந்து தரமான பயோடீசல் பெறமுடிகிறது. வணிக அளவில் அது சாத்தியமா என்பதை மேலதிக ஆய்வுகளே தீர்மானிக்க வேண்டும். இடையில் நாற்பது ஐம்பது பக்கம் ஆய்வுகூடம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அளவீடுகள் சுத்தம், வரைபுகள் அழகு. ஆனால் உங்களுக்குப் பத்து வருடம் முன்னால் படித்தவர்களும் இதே கடைசிப் பத்தியைத்தான் எழுதிவிட்டுப் போனார்கள். அவர்கள் ‘மேலதிக ஆய்வு’ என்று தள்ளிவைத்த வேலையை எடுத்துச் செய்ய ஆள் வருவது அரிது. அடுத்த தொகுதி மாணவர் வேறொரு விதையோடு வருகிறார். மறுபடியும் முதற்பத்தியிலிருந்து தொடங்குகிறார்.

விதைகள் எப்படி மாறின என்று பாருங்கள்.

முதலில் விறகும் சாணமும். எழுபதுகளில் எண்ணெய் விலை எகிறிய காலத்தில், 1974இல், ஏக்கலையில் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் தொடங்கியது. வைக்கோலை ஒருமுறை நிரப்பி மூடிவிட்டு மாதக்கணக்கில் எரிவாயு எடுக்கும் உலர்தொகுதி உயிர்வாயுக் கலன் அங்கே உருவானது. எண்பதுகளில் ‘அனகி’ மண் அடுப்பு வந்து கிராமத்து அடுப்படிகளில் விறகை மிச்சப்படுத்தியது. இவற்றைச் செய்தவர்களுக்கு நீங்கள் இன்று பாவிக்கும் கருவிகளில் பாதிகூட இல்லை. ஆனால் விறகு யாரிடம் இருக்கிறது, யார் அடுப்பூதுகிறார் என்று தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு சீமைக்கிளுவை. வேலிக்கு நட்டு, ஆட்டுக்குக் குழை வெட்டிப் போட்டு வந்த மரத்தை, 2005இல் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசு அறிவித்தது. அதற்குப் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர் ரே விஜயவர்தன. பொறியியலாளர், விமானி, ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவர், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர். காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும், இலை மாட்டுக்கு, தடி மின்சாரத்துக்கு என்று அவர் கணக்குச் சொன்னார். டோக்கியோ சீமெந்து நிறுவனம் திருகோணமலையிலும் மகியங்கனையிலும் இந்த விறகை நம்பியே தன் மின்நிலையங்களைக் கட்டியது. ஆனால் நாட்டில் தொடங்கப்பட்ட விறகு மின்நிலையங்கள் பலவற்றுக்குத் தடுக்கிய இடம் கொதிகலன் அல்ல, விறகு. ஒரு யூனிற் மின்சாரத்துக்கு ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ விறகு வேண்டும். 5 மெகாவாற் நிலையம் ஒன்று முழுநாளும் ஓடினால் 150 தொன் அளவுக்குப் போய்விடும். அதைச் சிறு தோட்டக்காரர் ஆயிரக்கணக்கானோரிடம் வெட்டி, காயவைத்து, லொறி ஏற்றி, மழைக்காலத்திலும் தவறாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்குத் தேவைப்பட்டது இரசாயனம் தெரிந்த ஆள் அல்ல. ஊர் தெரிந்த ஆள்.

2008 யூலையில் மசகெண்ணெய் பீப்பாய் 147 டொலரைத் தொட்டது. அந்த நேரம் உலகமே காட்டாமணக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. இந்தியா 2003இலேயே ஒரு கோடி ஹெக்டேயருக்கு மேல் அதை நடும் திட்டத்தைப் பேசத் தொடங்கியிருந்தது. இங்கும் அலை வந்து அடித்தது. காட்டாமணக்கு, றப்பர் விதை, புன்னை, வேம்பு, இலுப்பை, ஆமணக்கு என்று ஒவ்வொன்றாகப் பிழிந்து பார்த்தார்கள். போக்குவரத்து எரிபொருளில் ஐந்தில் ஒன்று 2020இற்குள் உயிர் எரிபொருளாக வேண்டும் என்ற இலக்கு அக்காலத்து முன்னுரைகளில் தவறாமல் இடம்பெற்றது. 2020 வந்தது, போனது. அந்த இலக்கைப் பற்றி இப்போது முன்னுரைகளில் பேச்சில்லை.

காட்டாமணக்கு ஏன் கைவிட்டது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். வரண்ட தரிசிலும் வளரும் என்றது உண்மை. வளரும், ஆனால் காய்க்காது. காய்க்க வைக்கத் தண்ணீரும் உரமும் வேண்டும். அவை இருக்கிற நிலத்தில் யார் நச்சு விதை நடுவார்? ஒரே குலையில் காய்கள் வெவ்வேறு நாளில் பழுப்பதால் கையால்தான் பறிக்க வேண்டும். இந்த விஷயங்கள் ஒன்றும் குடுவைக்குள் தெரியாது. றப்பர் விதையும் அப்படியே. ஒரு லட்சம் ஹெக்டேயருக்கு மேல் றப்பர் நிற்கிற நாட்டில் விதை சும்மாதானே விழுகிறது என்பார்கள். விழுகிறது, ஈரத்தில் கிடக்கிறது, கிடக்கக் கிடக்கச் சுயாதீனக் கொழுப்பமிலம் ஏறுகிறது. அப்படிப்பட்ட எண்ணெய்க்குள் சோடியம் ஐதரொட்சைட்டைப் போட்டால் கிடைப்பது டீசல் அல்ல, சவர்க்காரம். முதலில் அமிலத்தால் ஒரு சுற்று, பிறகு காரத்தால் ஒரு சுற்று என்று இரண்டு படியாகச் செய்ய வேண்டும். அந்த இரண்டு படி முறையைச் செம்மைப்படுத்திய கட்டுரைகள் வேண்டிய அளவு உண்டு. பால்வெட்டும் தொழிலாளி ஒரு கிலோ விதை பொறுக்க என்ன கூலி கேட்பார் என்று விசாரித்த கட்டுரையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அதற்கும் பிறகு அல்காக்கள். கண்டி ஹந்தானையில் இருக்கும் தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்தில் பேராசிரியர் ரேணுகா ரத்நாயக்கவின் குழு உள்ளூர் நீர்நிலைகளிலிருந்து சயனோபற்றீரியாக்களைப் பிரித்தெடுத்து, எவை கொழுப்பை அதிகம் சேர்க்கின்றன என்று பார்த்தது. இது நல்ல அடிப்படை விஞ்ஞானம். எரிபொருள் வராவிட்டாலும் நம் குளங்களில் என்னென்ன உயிர் வாழ்கிறது என்ற அறிவு மிஞ்சும். இதே காலத்தில் வைக்கோல், கினிப்புல், ஆகாயத்தாமரை, மரவள்ளி எல்லாம் எதனோலுக்காக ஆய்வுகூடங்களுக்குள் வந்தன. கொஞ்சப் பேர் கணினியிலேயே முழு ஆலையையும் கட்டி, விதைப்பிலிருந்து புகைவரை எவ்வளவு சக்தி செலவாகிறது என்று கணக்குப் பார்த்தார்கள். எனக்கு இந்த வகை ஆய்வு பிடிக்கும். ஏனென்றால் ‘வாழ்க்கை வட்டக் கணக்கு’ பார்க்கிறவர் லொறியையும் உரத்தையும் தவிர்க்க முடியாது.

எதனோலைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், அது உங்களுக்கு ஆய்வுகூடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தின் உயிரிரசாயனத் துறையில் பேராசிரியர்கள் பாலசுப்பிரமணியமும் வசந்தி அரசரட்ணமும் மாப்பொருளை நொதியத்தால் உடைத்துச் சீனியாக்கி, அதை மதுவத்தால் எதனோலாக்கும் வேலையை, மின்சாரமும் பெற்றோலும் இல்லாத போர்க்காலத்திலும் விடாமல் செய்து சர்வதேசச் சஞ்சிகைகளில் எழுதினார்கள். வசந்தி அரசரட்ணம் பிற்பாடு அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் ஆனார். வெளியே வீதியில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உங்கள் அப்பாமாரைக் கேளுங்கள். நுட்பம் இருந்தது, தேவையும் இருந்தது. இருந்தும் எதனோல் எரிபொருளாகவில்லை.

காரணம் விலை. இந்த நாட்டில் கரும்புப் பாகிலிருந்தோ பனங்கள்ளிலிருந்தோ எடுக்கிற எதனோலுக்கு எரிபொருளைவிடக் கூடக் காசு தருகிற வாடிக்கையாளர் எப்போதும் இருக்கிறார்: மதுபானக்காரர். செவனகலவிலும் பெல்வத்தையிலும் வடிசாலைகள் இருக்கின்றன. 2020இல் எதனோல் இறக்குமதிக்குத் தடை வந்தபிறகு அவற்றின் உற்பத்திக்குக் கிராக்கி இன்னும் கூடியது. மேலே 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஒரு போத்தல் எதனோல் வடிக்கவும் அனுமதி வேண்டும். இந்தியா 20 சதவீதக் கலப்பு வரை போய்விட்டது, நாமும் போகலாம் என்று உங்கள் முன்மொழிவுகளில் எழுதுகிறீர்கள். இந்தியாவுக்குச் சீனி மிஞ்சுகிறது. நாம் தின்கிற சீனியில் மிகப் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. சீனியே இல்லாத இடத்தில் சீனிக் கழிவை எங்கே தேடுவது? ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். நாம் அந்த இலுப்பை விதையையும் பிழிந்து டீசலாக்கப் பார்த்தவர்கள்.

2022க்குப் பிறகு காற்று மறுபடி திசை மாறியிருக்கிறது. கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு நாலு லீற்றர் வாங்கிய அனுபவம் எல்லோர் முன்னுரையிலும் நுழைந்துவிட்டது. 2023இல் தேசிய ஐதரசன் பாதைவரைபடம் வந்தது. உடனே ஐதரசன் தலைப்புகள் கூடுகின்றன. கூடவே, பாவித்த சமையல் எண்ணெய். உங்களில் கணிசமானோர் எடுத்திருப்பது இதைத்தான். இந்த ஒன்று நம் தெருவில் இருப்பது. அதனால் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன்.

காலி வீதியில் சவோய் பக்கமிருந்து தெகிவளைப் பாலம் வரைக்கும் நடந்தால் எத்தனை தாச்சி கொதிக்கிறது? வடை, றோல்ஸ், பற்றிஸ், பொரித்த கோழி, மாலையில் கடலை வண்டி. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியும் ஜோர்ஜ் ஆர். டி சில்வா மாவத்தையும் அதற்குக் குறைந்தவையல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது அளவீடு அல்ல, ஊகம். இரண்டு இடத்திலும் சேர்த்து 100 கடை, கடைக்கு நாளுக்கு 5 லீற்றர் கழிவெண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 500 லீற்றர். தண்ணீர், கரி, கெட்டுப்போன பங்கு எல்லாம் கழித்து 450 லீற்றர் பயோடீசல் வரும் என்போம். லீற்றருக்கு 3 கிலோமீற்றர் போகிற பஸ் ஒன்று 1,350 கிலோமீற்றர் ஓடலாம். புறக்கோட்டையிலிருந்து பாணந்துறைக்குச் சுமார் 27 கிலோமீற்றர். ஆக, 100ஆம் இலக்க பஸ் ஏறத்தாழ 50 தடவை போகும். ஒரு பக்கம்தான், திரும்பி வருவதைத் தனியாக எண்ணிக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2022இல் நாம் நாள் பார்த்துக் காத்திருந்த டீசல் கப்பல்களின் கொள்ளளவு நினைவிருக்கிறதா? ஒன்றில் 40,000 மெற்றிக் தொன். என் 100 கடையின் எண்ணெயால் அப்படி ஒரு கப்பலை நிரப்ப 270 வருடத்துக்கு மேல் செல்லும். ஆகவே உங்கள் முதற்பத்தியில் இருக்கும் ‘இறக்குமதியைப் பிரதியிடும்’ என்ற வாக்கியத்தை, தயவுசெய்து, வெட்டிவிடுங்கள். கப்பலுக்குப் போட்டியாக வருவதற்காக அல்ல இந்த எண்ணெய் முக்கியமாவது. அது இப்போது போய்ச் சேரும் இடம் காரணமாகத்தான் முக்கியம்.

எங்கே போகிறது? இதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. வெள்ளவத்தையில் எனக்குப் பழக்கமான ஒரு கடையின் பின்பக்கம் நின்று கேட்டேன்: “அண்ணை, எண்ணெயை எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்துவியள்?” வடை தட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. “மாத்துறதெண்டு இல்லை மாஸ்ரர். குறையக் குறைய விட்டுக்கொண்டிருப்பம்.”

இந்தப் பதிலில் உங்கள் ஆய்வின் அடித்தளமே ஆடுகிறது. தாச்சியில் குறைகிற எண்ணெய் வடைக்குள் போகிறது. மேலே புதிது விடப்படுகிறது. பழசும் புதுசும் கலந்தபடி அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் அந்தக் கடையில் ‘கழிவெண்ணெய்’ என்று ஒன்று உண்டா? நான் ஊகித்த 5 லீற்றரில் எத்தனை உண்மையில் மிஞ்சும்? பெரிய ஹோட்டல்களில், துரித உணவுக் கடைகளில், எண்ணெயை ஒரேயடியாக மாற்றுகிறார்கள். அங்கே அளவு தெரியும், வாங்கிக்கொண்டுபோக நிறுவனங்களும் உண்டு. நடுத்தரக் கடைகளில் கறுத்த எண்ணெயைக் கானில் ஊற்றி வைக்கிறார்கள். முச்சக்கர வண்டியில் ஒருவர் வந்து காசு கொடுத்து எடுத்துப் போகிறார். அவர் அதை யாருக்கு விற்கிறார்? இன்னொரு தாச்சிக்கா, சவர்க்காரம் காய்ச்சுகிறவருக்கா, கோழித்தீன் செய்கிறவருக்கா? இதற்குப் பதில் தெரியாமல் ஊக்கியின் செறிவைத் தசமதானத்துக்குச் சரிபார்த்து என்ன பயன்?

இந்தியா இந்தக் கேள்வியை வேறு வழியால் அணுகியது. 2018 யூலை முதல் பொரிக்கும் எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்வைகள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அவர்களுடைய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை விதித்தது. தாண்டிய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலுக்கு அனுப்ப ஒரு திட்டத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது. அங்கே எரிபொருள் இரண்டாம்பட்சம். முதல் நோக்கம் பழைய எண்ணெய் திரும்ப வயிற்றுக்குள் போகாமல் தடுப்பது. இப்படித் தலைகீழாகப் பார்த்தால் உங்கள் ஆய்வுக்கு ஒரு நியாயம் கிடைக்கும். என் 100 கடைக் கணக்கில் வருடத்துக்கு வரும் 145 தொன் டீசல் நாட்டைக் காப்பாற்றாது. அதே 145 தொன் கருகிய எண்ணெய் ஒரு வருடத்தில் நம் தெருப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகாமல் விட்டாலோ, வெள்ளவத்தைக் கால்வாயில் கொட்டப்படாமல் விட்டாலோ, அது பெரிய காரியம்.

ஐரோப்பாவின் கதையையும் வாசித்து வையுங்கள். 2025 முதல் அங்குள்ள விமான எரிபொருளில் 2 சதவீதம் நிலைபேறான மூலத்திலிருந்து வரவேண்டும், 2030இல் 6 சதவீதம் என்று சட்டம் வந்திருக்கிறது. பாவித்த எண்ணெயிலிருந்து வரும் எரிபொருளை இரட்டிப்பாகக் கணக்கெடுக்கும் சலுகையும் அவர்களிடம் இருந்தது. விளைவு, பாவித்த எண்ணெய்க்குக் கிராக்கி ஏறி, சில நேரம் புது எண்ணெயையே பழசு என்று சொல்லி விற்கிறார்களோ என்ற சந்தேகம் எழுந்து விசாரணைவரை போனது. நம்மூரிலும் கானுக்கு நல்ல விலை வந்தால் கடைக்காரர் எண்ணெயைச் சீக்கிரம் மாற்றுவாரா, அல்லது கலப்படம் தொடங்குமா? உங்களில் யாராவது பொருளியல் படிக்கும் நண்பரோடு சேர்ந்து எழுதினால் நான் முதல் ஆளாக வாசிப்பேன்.

இரசாயனத்தை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நம்மூர் எண்ணெய்க்கு நம்மூர் இரசாயனம் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நீங்கள் மேற்கோள் காட்டுகிற மலேசிய, ஐரோப்பியக் கட்டுரைகள் பாம் எண்ணெய்க்கும் சோயா எண்ணெய்க்கும் எழுதப்பட்டவை. அவற்றின் மூலக்கூறு பெரிது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி, பன்னிரண்டு காபன் கொண்ட லோரிக் அமிலம்; மூலக்கூறு சிறிது. அதனால் ஒரு கிலோவில் மூலக்கூறுகள் கூட. மெதனோலும் கூடத் தேவை. பாம் எண்ணெய் 100 கிலோவுக்கு 11 கிலோ போதுமென்றால் தேங்காய் எண்ணெய்க்கு 15 கிலோவுக்குக் கிட்டப் போகும். கீழே படிகிற கிளிசரோலும் அதற்கேற்பக் கூடும். தாக்கம் முன்னோக்கிப் போகவேண்டும் என்பதற்காக இதன் இரு மடங்கு மெதனோலை ஊற்றுகிறோம். வெளிநாட்டுக் கட்டுரையில் இருக்கும் நிறை வீதத்தை அப்படியே எடுத்து ஊற்றுகிறவருக்கு விளைச்சல் ஏன் குறைகிறது என்று விளங்காது. இன்னொரு பக்கம், தேங்காய் எண்ணெய் நிரம்பியதாக இருப்பதால் அதன் எசுத்தர் காற்றுப்பட்டு இலகுவில் பழுதாகாது. குளிரில் உறையும் என்ற ஐரோப்பியக் கவலை கொழும்பு வெயிலில் நமக்கு இல்லை. ஆனால் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தொட்ட பிறகு எந்தக் கடை தனித் தேங்காய் எண்ணெயில் பொரிக்கிறது? கானுக்குள் இருப்பது கலவை. ஒவ்வொரு கடைக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும் வேறு கலவை. தைப்பொங்கலுக்கு ஒன்று, நோன்பு காலத்தில் ஒன்று.

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். உயர்தரச் செய்முறையில் செய்த நியமிப்பே போதும். எண்ணெயில் ஒரு சிறு அளவை அற்ககோலில் கரைத்து, பினோத்தலீன் இரண்டு சொட்டு விட்டு, அளவியிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கறுத்த எண்ணெயில் இளஞ்சிவப்பு இலகுவில் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைத் தாளுக்கு மேல் குடுவையை வைத்து, ஓரத்தில் படியும் நிறத்தைப் பார்க்க வேண்டும். புது எண்ணெய்க்கு ஒரு சொட்டில் நிறம் நிற்கும். மூன்றாம் நாள் எண்ணெய் சொட்டுகளைக் குடித்துக்கொண்டே இருக்கும். கடை கடையாக, வாரம் வாரமாக அமில எண்ணைப் பதிந்த ஒரு அட்டவணை இருந்தால் அதை வைத்து ஒருவர் ஆலை போடலாம், இன்னொருவர் சட்டம் எழுதலாம். ஒரே ஒரு கடையிலிருந்து ஒரே ஒரு முறை எடுத்த இரண்டு லீற்றரில் 97 சதவீத விளைச்சல் கண்டேன் என்ற அட்டவணையால் அதில் எதையும் செய்ய முடியாது.

மெதனோலும் கப்பலில்தான் வருகிறது. அது நஞ்சு, கண்ணைப் பறிக்கும், மாடிவீட்டின் பின்கட்டில் வைத்துச் செய்கிற கைத்தொழில் அல்ல இது. கழிவாக வரும் அழுக்குக் கிளிசரோல் நாளுக்கு 40 கிலோவுக்கு மேல் சேர்ந்தால் எங்கே போடுவது? கால்வாய்க்குப் போகிற எண்ணெயைப் பிடித்துவிட்டு அதே கால்வாய்க்குள் கிளிசரோலை விட்டால் என்ன இலாபம்? ஒரு வரியாவது இதற்கு ஒதுக்குங்கள்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை தனியாக. துறைமுகத்தில் இறங்குகிற எரிபொருளைக் கொலன்னாவைக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோகும் பழைய குழாய்கள் உங்கள் புளூமெண்டால் பக்கமாகத்தான் போகின்றன, மேலே வீடுகளோடு. அதே புளூமெண்டாலில்தான் கொழும்பின் குப்பை மலையாக நின்றது. பின்னர் மீத்தொட்டமுல்லையில் அப்படி ஒரு மலை 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் சரிந்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள். இப்போது கெரவலப்பிட்டியில் 10 மெகாவாற் நிலையம் ஒன்று 2021 முதல் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறது. ஆனால் நம் குப்பை தோலும் சோறும் மரக்கறிக் கழிவும். பாதிக்கு மேல் தண்ணீர். ஈரத்தை எரிப்பதைவிட நொதிக்க விடுவது புத்தி. மெனிங் சந்தை பேலியகொடைக்குப் போனபிறகு மரக்கறிக் கழிவு ஒரே இடத்தில் குவிகிறது. சேகரிப்புப் பிரச்சினை அரைவாசி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஏக்கலை நிலையத்தின் உயிர்வாயு அனுபவம் பக்கத்திலேயே இருக்கிறது. எண்ணெய் ஆய்வைவிட இது பெரிய தலைப்பாகக்கூட இருக்கலாம். நாறுகிற தலைப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஒளிப்படத்துக்கு அல்கா பச்சைதான் நன்றாக இருக்கும்.

மின்சாரக் கார் வந்துவிட்டது, இனி எதற்கு இதெல்லாம் என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தீர்கள். 2025 மாசியில் வாகன இறக்குமதி திறந்தபிறகு காலி வீதியில் அவற்றை நானும் பார்க்கிறேன். சரியான கேள்வி. காருக்குப் பெற்றோல் தேடுவதாக இருந்தால் உங்கள் ஆய்வு நீங்கள் பட்டம் வாங்குமுன்னே பழசாகிவிடும். ஆனால் முகத்துவாரத்தில் கட்டியிருக்கும் ஆழ்கடல் படகுக்கு மின்கலம் வர நாள் செல்லும். வாரக்கணக்கில் கடலில் நிற்கிற எஞ்சின் அது. டீசல் விலை ஏறினால் படகு கரையிலேயே கிடக்கும், 2022இல் கிடந்தது. தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தி இன்றைக்கும் விறகில்தான் ஓடுகிறது. விமானத்துக்கும் வேறு வழி இல்லை. யாருக்காக எரிபொருள் செய்கிறீர்கள் என்று தலைப்பிலேயே எழுதுங்கள். “பயோடீசல் தயாரித்தல்” என்று மொட்டையாக விட்டால் மதிப்பெண் வரும், வேறொன்றும் வராது.

உங்கள் மேற்பார்வையாளர்கள் இதற்குச் சம்மதிப்பார்களா என்பது எனக்குத் தெரிந்த சங்கடம்தான். கடைக்குப் போய்க் கேள்வி கேட்பதை ‘விஞ்ஞானம் அல்ல’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சஞ்சிகைகளும் புது ஊக்கி ஒன்றின் நுண்படத்தைக் கேட்கின்றனவே தவிர ஜம்பட்டா வீதியின் எண்ணெய்ப் புள்ளிவிவரத்தைக் கேட்பதில்லை. ஆகையால் இரண்டையும் செய்யுங்கள். ஊக்கியையும் வைத்துக்கொண்டு, ஒரு அத்தியாயத்தைத் தெருவுக்கு ஒதுக்குங்கள். உங்களிடம் உள்ள பெரிய வசதி என்னவென்றால், கடைக்காரரின் பாஷை உங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் ‘அண்ணை’ என்று கேட்டால் பேசுகிறவர், கொட்டாஞ்சேனையில் ‘முதலாளி’ என்று கேட்டால் கதிரை எடுத்துப் போடுகிறவர், வெளியிலிருந்து படிவத்தோடு வருகிற ஆய்வாளரைக் கண்டால் சுகாதாரப் பரிசோதகர் என்று நினைத்துக் கானை மறைத்துவிடுவார்.

போகும்போது பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் போகாதீர்கள், அது அவர்களுக்குச் சோற்று நேரம். மூன்று மணிக்குப் போங்கள், மாலை வடைக்குத் தாச்சி ஏறுமுன். முதல்நாள் எதையும் எழுதாதீர்கள், கடையின் பெயரை ஒருநாளும் எழுதாதீர்கள். மாதிரி எடுக்க மூடி இறுகிய கண்ணாடிப் போத்தல் கொண்டுபோங்கள். பிளாஸ்ரிக் போத்தல் சூட்டில் உருகும். எடுத்த எண்ணெய்க்குக் காசு கொடுங்கள். எவ்வளவு கேட்டார் என்பதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், இதுவரை எந்த முன்மொழிவிலும் நான் காணாத எண் அது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.